அணில் மரமேறிடுச்சு

— அந்தப் பத்து செகண்டை வெட்டிடும்மா.

— எந்தப் பத்து செகண்டு சார்?

— ரெஃப்ரி விசில் ஊதறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு, ஊதினதுக்கு அப்புறம் ஒரு அஞ்சு.

— ஒரு நிமிஷம் சார். மதியத்துல இருந்து இந்த எடிட்டிங் ரூம்ல உக்காந்து காப்பி மேல காப்பியா குடிச்சீங்களே, இதைச் சொல்லத்தானா? மொத்த டேப்புலயும் உருப்படியா இருக்கறது அந்தப் பத்து செகண்டுதான்.

— படம் ஆடுதும்மா. கலரும் போயிருக்கு. பாக்கறவங்களுக்குக் கண்ணு வலிக்கும்.

— அந்த பாஸ்கெட்பால் ஃபைனல்னு இத்தனை வருஷமா டிவியில ஓடினது மேல இருந்து எடுத்த படம். அதுல எல்லாரும் எறும்பு மாதிரி ஊர்றாங்க. இது கூடைக்குக் கீழயே உக்காந்து எதிர் டீம் டாக்டர் எடுத்தது. பதினெட்டு வருஷமா அவர் வீட்டுப் பரண்ல தூங்கிக்கிட்டு இருந்துருக்கு. நான் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டு வந்தா, நீங்க வெட்டுன்னு சொல்றீங்க.

— சீனியர் சொல்றேன், கேளேன்.

— சார், மைக் முன்னாடி நீங்க எதைச் சொன்னாலும் ஜனங்க நம்பிடுவாங்க. நேர்ல பொய் சொன்னா உங்க காது செவந்து போகுது.

— எடிட்டரம்மா, உனக்கு வாய் ஜாஸ்தி.

— கண்ணும் ஜாஸ்தி சார். இங்க பாருங்க, ஓட்டறேன். எதிராளி பந்தோட எகிர்றான். நம்ம பக்கத்துல இருந்து ரெண்டு கை போகுது. முன்னாடி போறது அணில் சார் கை, குட்டையா. பின்னாடி இருந்து ஒண்ணு வருது, நீளமா. எதிராளியை அடிக்கறது பின்னாடி வர்ற கைதான். நிறுத்திட்டேன். மணிக்கட்டுல என்ன சார் அது?

— வேர்வை.

— வேர்வை நீலக் கலர்லயா வரும்?

— லைட்டு பட்டு அப்படித் தெரியுதும்மா.

— நெத்தி தொடைக்கறதுக்குப் போடற பட்டை சார் அது. துண்டுத் துணியில தைச்சது. உங்க டீம்ல பன்னெண்டு பேர். பன்னெண்டு பேர் கையையும் ஒவ்வொண்ணா நிறுத்திப் பாத்துட்டேன். ஒருத்தர்தான் நீலப் பட்டை போட்டிருக்கார். அவர் போட்டோ நம்ம ஆபீஸ் வாசல்ல ஆளுயரத்துக்கு மாட்டியிருக்கு. அதுலயும் போட்டிருக்கார்.

— கதவைச் சாத்தும்மா.

— சாத்தித்தான் இருக்கு.

— அப்ப லைட்டை அணை.

— லைட்டை அணைச்சாலும் ஸ்கிரீன் எரியும் சார்.

— அணைம்மா. ஒரு சின்னப் பொண்ணு மூஞ்சியைப் பாத்து இதைச் சொல்ல முடியாது.

— அணைச்சாச்சு. சொல்லுங்க.

— அது என் கைதான்.

— ஃபவுல் எழுதினது அணில் சார் பேர்ல.

— ஆமா.

— அது அவருக்கு அஞ்சாவது. அஞ்சு ஃபவுல் ஆனா ஆள் வெளிய.

— எனக்கும் அப்ப நாலு ஆயிருந்துச்சு. யார் பேர்ல விழுதோ அவன் காலி. நாங்க ஒரு பாயிண்ட் முன்னால இருக்கோம், நாப்பது செகண்டு பாக்கி. காலரியில பெரிய கிளப்காரங்க மூணு பேர் நோட்டும் பேனாவுமா உக்காந்திருந்தாங்க. எங்க ரெண்டு பேர்ல ஒருத்தனை எடுக்கறதா பேச்சு. ரெஃப்ரிக்கு எங்க முதுகுதான் தெரிஞ்சுது. குத்துமதிப்பா அணில் நம்பரைக் காட்டிட்டார்.

— அப்பவே நீங்க சொல்லியிருக்கலாம்ல?

— அந்தக் காலத்துல ஒரு வழக்கம். ஃபவுல் பண்ணினவன் கையைத் தூக்கணும். ஓரமா மேஜை போட்டு உக்காந்து எழுதறாரே, அவருக்குத் தெரியணும்ல. ரெஃப்ரி நம்பரைத் தப்பாக் காட்டினாக்கூட, சரியான ஆள் கையைத் தூக்கினா மாத்தி எழுதிடுவாங்க. அணில் என்னைத் திரும்பிப் பாத்தான். ஒரே ஒரு பார்வை. அப்புறம் அவன் கையைத் தூக்கிட்டான்.

— நீங்க?

— குனிஞ்சு ஷூ லேஸைக் கட்டினேன்.

— அவுந்திருந்துச்சா?

— இல்லம்மா. நல்லா கட்டித்தான் இருந்துச்சு. அவுத்துட்டுக் கட்டினேன்.

— அப்புறம் என்ன ஆச்சு சார்?

— எதிராளிக்குத் தடுப்பில்லாம ரெண்டு எறி குடுத்தாங்க, எறிக்கு ஒரு பாயிண்ட். ரெண்டையும் போட்டான். கடைசிப் பந்து என் கைக்குத்தான் வந்துச்சு, நானும் கோட்டை விட்டேன். ஒரு பாயிண்ட்ல கப்பு போச்சு. நான் விட்டதை ஒரு ஈ காக்கா ஞாபகம் வெச்சுக்கல. ‘அணிலின் அவசரத்தால் போன கோப்பை’ன்னு பேப்பர்ல வந்துச்சு. அடுத்த வாரம் கிளப்காரங்க என்னைக் கூப்பிட்டாங்க. அணிலை யாரும் கூப்பிடல.

— பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு எங்கம்மா சொல்லுவாங்க.

— உங்கம்மா இன்னும் மரியாதையா சொல்றாங்க. நான் அதுக்கு மேலயும் பண்ணினேன்.

— உங்க கமெண்ட்ரி வசனம். ‘அணில் மரமேறிடுச்சு’.

— ம்.

— எங்க தெருப் பசங்க கேரம்ல எவனாவது தோத்தாக்கூட அதைக் கத்துவாங்க சார். என் தம்பி பரிட்சையில ஃபெயிலானப்போ நானே கத்தியிருக்கேன். அது ஒரு மனுஷன் பேருன்னு இன்னைக்குத்தான் உறைக்குது.

— முட்டி போய் ஆட்டத்தை விட்டுட்டு இந்த வேலைக்கு வந்தேன்ல, முதல் நாள். மைக்கைப் பாத்ததும் நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. பத்து நிமிஷம் பேச்சே வரல. டைரக்டர் காதுல கத்தறார், ‘ஏதாவது பேசுய்யா, ஊமைப் படமா ஓட்டறோம்’னு. அப்பப் பாத்து ஒரு பையன் அஞ்சாவது ஃபவுல் வாங்கி பெஞ்சுக்குப் போறான். என் வாயில தானா வந்துச்சு. டைரக்டர் விழுந்து விழுந்து சிரிச்சார். ‘இதையே புடிச்சுக்க, இதுதான் உன் முத்திரை’ன்னார். புடிச்சுக்கிட்டேன். அதுதான் எனக்குச் சோறு போடுது.

— அணில் சார் அதுக்கு ஒண்ணுமே சொல்லலையா?

— அதுதான்மா என்னை அறுக்குது. அவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயைத் திறக்கல. ஒரே தட்டுல சாப்பிட்டவன், என் கல்யாணத்துக்கு வரல. போன் பண்ணினா எடுக்க மாட்டான். தெருவுல என்னைப் பாத்தா எதிர்ப் பக்கம் போயிடுவான். நாலு பேர் முன்னாடி என் சட்டையைப் புடிச்சிருந்தான்னா அன்னைக்கே தீந்திருக்கும்.

— அப்புறம் ஏன் சார், பழைய ஆட்டத்தை ஓட்டி ரெண்டு பேரும் பேசற இந்த நிகழ்ச்சிக்கு அவரைக் கூப்பிட ஒத்துக்கிட்டீங்க?

— அவன் வரமாட்டான்னு நினைச்சேன்.

— வந்துட்டார் சார். ரிசப்ஷன்ல இருந்து மெசேஜ் வந்து அஞ்சு நிமிஷமாச்சு. லிஃப்ட் கதவைத் தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டு நிக்கறாராம்.

— லிஃப்ட் மெக்கானிக் அவன்.

— ஆறு மணிக்கு நேரலை. இன்னும் இருபது நிமிஷம். அந்தப் பத்து செகண்டை என்ன பண்ணட்டும்?

— வெட்டிடு.

— நீங்க சொன்னா வெட்டறேன் சார், என் வேலை அது. ஆனா ஆட்டம் ஓடி அந்த இடம் வர்றதுக்கு முன்னாடி எப்ப வேணும்னாலும் சேத்துக்கலாம். அதையும் சொல்லிட்டேன். வாங்க, கமெண்ட்ரி பெட்டிக்குப் போவோம்.

— நீ முன்னால போம்மா. நான் மூஞ்சி கழுவிட்டு வரேன்.

— இப்பதான் மேக்கப் போட்டாங்க சார்.

— அதுவும் சரிதான். நட.

— வாங்க சார், வாங்க. நீங்கதானே அணில் சார்? இதுதான் கமெண்ட்ரி பெட்டி. நிலை தட்டும், குனியுங்க... ஓ, நீங்க குனிய வேண்டாம்.

— பரவால்லம்மா. உங்க லிஃப்ட் நாலாவது மாடிகிட்ட ஒரு வெட்டு வெட்டுது. கயிறைப் பாக்கச் சொல்லுங்க.

— நான் வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து வெட்டுது சார்.

— அப்ப அன்னையில இருந்து யாரும் பாக்கல. கெடக்கட்டும், போறப்ப ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன்.

— நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பேன். பேசணும்னா இந்த ஹெட்போன்ல வருவேன். அந்தச் சிவப்பு லைட் எரிஞ்சா நீங்க மூச்சு விடறதுகூட ஊருக்கே கேக்கும். எரியாத வரைக்கும், நான் பட்டனை அழுத்திக் கூப்பிட்டாத்தான் எனக்குக்கூடக் கேக்கும். வரட்டுமா?

— போய்ட்டு வாம்மா. என்னடா ஏணி, வாசல்ல நிக்கறே? உன் ரூமுதானே, உள்ள வா.

— அணில்... எப்படி இருக்கீங்க?

— என்னடா புதுசா ‘ங்க’ போடறே? மேக்கப் போட்டா மரியாதையும் வந்துடுமா?

— எப்படிக் கூப்பிடறதுன்னே தெரியல.

— அணில்னே கூப்பிடு. ஊரே கூப்பிடுது.

— அணில், அது வந்து...

— தமாஷுக்குச் சொன்னேன்டா. உக்காரு. நீ நின்னா எனக்குக் கழுத்து வலிக்குது.

— என் மேல உனக்குக் கோவம் இருக்கும்.

— எனக்கா? எதுக்கு?

— என் கல்யாணத்துக்குக்கூட நீ வரல.

— வந்தேன். வாசல் வரைக்கும் வந்தேன். சட்டையெல்லாம் புதுசு. உள்ள நம்ம டீம் பசங்க மொத்தமும் சிரிச்சுக்கிட்டு நின்னாங்க. கால் எழும்பல. அப்படியே திரும்பிட்டேன். கெடக்கட்டும், அதெல்லாம் பழைய கதை.

— வீட்ல எல்லாரும் சௌக்கியமா?

— சௌக்கியம். பொண்ணு எட்டாவது படிக்கறா. ஸ்கூல் டீம்ல ஆடறா. உயரம் என்னை மாதிரி, வாய் அவங்கம்மா மாதிரி. ரெண்டுலயும் பாவம் புள்ளைக்கு நஷ்டம்தான்.

— நல்லா ஆடுவாளா?

— என்னை விட நல்லா ஆடுவா. ஆடிக்கிட்டிருந்தா. போன மாசம் ஒரு மேட்சுல அஞ்சாவது ஃபவுல் வாங்கிட்டா. மொத்தக் காலரியும் சேந்து கத்துச்சு, ‘அணில் மரமேறிடுச்சு’ன்னு.

— ஐயோ.

— அவளும் சிரிச்சுக்கிட்டே கையை ஆட்டிட்டுத்தான் வந்து உக்காந்தா. அவளுக்கு என்ன தெரியும்? வீட்டுக்கு வந்து கேக்கறா, ‘அப்பா, எல்லாரும் சொல்றாங்களே, யாருப்பா அந்த அணில்?’னு. நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். பாதியில எழுந்து கை கழுவப் போய்ட்டேன். திரும்பி வர்றதுக்குள்ள அவங்கம்மா சொல்லிட்டா.

— டேய்...

— மூணு வாரமா புள்ளை பந்தைத் தொடல.

— என்னைத் திட்டினாளா?

— உன்னை எதுக்குத் திட்டறா? உன் போட்டோ அவ நோட்டுல ஒட்டியிருக்கு. என்னைத்தான் கேட்டா. ‘ஒரு பாயிண்ட் முன்னாடி இருக்கும்போது, நாலு ஃபவுலை வெச்சுக்கிட்டு, யாராவது கையை நீட்டுவாங்களாப்பா?’ன்னு. நியாயமான கேள்விதானே?

— குத்திக் காட்டறே.

— நான் எங்கடா குத்தினேன்?

— குத்து. நல்லாக் குத்து. எனக்கு வேணும்.

— உனக்கு என்னடா ஆச்சு? தண்ணி குடி. ஊருக்கே கதை சொல்றவன், என்னைப் பாத்து பயப்படறே. கேளு, நான் இன்னைக்கு வந்ததே ஒரு காரணத்துக்குத்தான். புள்ளை டிவி முன்னாடி உக்காந்திருக்கா. அவ காதுல விழற மாதிரி நான் ஒண்ணு சொல்லணும். அதுக்கு முன்னாடி உன்கிட்டத் தனியா சொல்லிடணும். பதினெட்டு வருஷமா தொண்டையில முள்ளா நிக்குதுடா.

— இரு. நீ சொல்லாதே. நான் முதல்ல சொல்லிடறேன்.

— இல்லடா, நான் பேப்பர்ல எழுதி, கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாத்துட்டு வந்திருக்கேன். பாதியில நிறுத்தினா வராது.

— அணில், உன் காலைப் புடிச்சுக் கேக்கறேன். நீ சொல்லி நான் ஒத்துக்கிட்டா அதுவும் கோழைத்தனம். இந்த ஒரு தடவையாவது நானே முந்திக்கறேன்.

— சரி, சொல்லித் தொலை.

— அது நான்.

— எது?

— அந்த ஃபவுல். அவன் கையில அடிச்சது நான். புதுசா ஒரு டேப்பு வந்திருக்கு. கூடைக்குக் கீழ இருந்து எடுத்தது. பளிச்சுன்னு தெரியுது. உன் கை பந்துலயும் படல, அவன் மேலயும் படல. நான்தான்டா. நாலு பேர் முன்னாடி நீ வெளிய நடந்தப்ப நான் கீழ குனிஞ்சு கட்டியிருந்த லேஸை மறுபடி கட்டினேன். அதுக்கப்புறம் உன் பேரை வித்துத் தின்னேன். அடிடா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொண்ணு பாத்தாலும் பரவால்ல. அடி.

— டேப்புல தெரியுதா?

— தெரியுது. என் நீலப் பட்டையோட.

— டேப்பு வரலைன்னா சொல்லியிருப்பியா? பொய் சொல்லாம சொல்லு.

— மாட்டேன். டேப்பு வந்தப்புறமும் வெட்டத்தான் சொன்னேன். அரை மணி நேரம்கூட ஆகல.

— அப்புறம் என்ன?

— உன் பொண்ணு கேட்டாளே ஒரு கேள்வி. அதுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நானு. நீ சோத்துல இருந்து எழுந்திருச்சுப் போயிருக்கே.

— உனக்கு அது அன்னைக்கே தெரியுமா? அடிச்சப்பவே?

— அடிச்சப்பவே. உள்ளங்கை எரிஞ்சுது.

— சார், ஹெட்போன்ல குறுக்க வர்றதுக்கு மன்னிச்சுக்கங்க. ரெண்டு நிமிஷம் இருக்கு. அந்தப் பத்து செகண்டு...

— சேத்துடும்மா. வெட்டாதே. அந்த இடம் வந்ததும் நிறுத்து. யார் கைன்னு நானே சொல்றேன்.

— நிஜமாவா சார்?

— நிஜமாத்தான்.

— அப்ப, திரைக்குக் கீழ ‘அணில் மரமேறிடுச்சு’ன்னு எழுத்து ஓடணும்னு போட்டு வெச்சிருந்தாங்க...

— அதை வெட்டிடு. இனிமே அது என் வாயிலயும் வராது.

— சரி சார். சரி. தேங்க்ஸ் சார்.

— அணில், ஏதாவது பேசுடா. இப்படி உக்காந்திருக்காதே.

— என்ன பேசறது?

— இத்தனை வருஷம் தெரிஞ்சே பேசாம இருந்தே. இனிமேலாவது பேசு. கையைத் தூக்கறதுக்கு முன்னாடி என்னைத் திரும்பிப் பாத்தியே, அந்தப் பார்வைதான்டா என்னைத் தூங்க விடல. ‘உன் கைதானே, தூக்குடா’ன்னு கேட்ட மாதிரி.

— நான் அப்படிக் கேக்கல.

— பின்ன?

— அதை விடு.

— உன் சட்டைப் பையில என்ன பேப்பர் அது? என்னமோ சொல்லணும்னியே, அதுவா?

— வேண்டாம் ஏணி. அதுக்கு இனிமே வேலை இல்ல.

— குடு. என்னை எவ்வளவு கேவலமா எழுதியிருந்தாலும் நான் படிக்கணும்.

— சொன்னா கேக்க மாட்டே நீ. இந்தா.

— ‘மகளே, அன்னைக்கு நாலு ஃபவுல் இருக்கறதை மறந்துட்டுக் கையை நீட்டினது அப்பாதான். பதினோரு பேரோட கப்பை நான் கெடுத்தேன். அவங்க மூஞ்சியில முழிக்க முடியாமத்தான் ஆட்டத்தையே விட்டேன். ஏணி, உன்னை மாதிரி ஒருத்தன் கையில கப்பு இருந்திருக்கணும். எல்லாருக்கும் முன்னாடி கேக்கறேன், என்னை மன்னிச்சுடு...’ அணில்... டேய்... என்னடா இது?

— சார், நேரலைக்குப் பத்து செகண்டு. ஒம்பது. எட்டு.

— உனக்குத் தெரியாதா?

— பந்துக்குப் போனப்ப என் விரல்ல ஒரு கை பட்டுச்சுடா. ஈரத் துணி மாதிரி இருந்துச்சு. பதினெட்டு வருஷமா அது எதிராளி கைன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.